ஒப்பாரிக்குப் பின் உப்புக்குப் போனவன்

பிமுர்சா செத்தது 1930 செப்டம்பரில்; உப்புச் சுமக்கப் போனது அதே ஆண்டு டிசம்பரில். சாவுக்குக் காரணம் சினிமா. எங்கள் ஸ்வானெத்தி மலைவாழ்க்கையைப் படம்பிடிக்கத் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த தேமுர், கல்கோபுரங்களையும் கதிரடிப்பையும் எடுத்து முடித்துவிட்டு, ஓர் இழவுக் காட்சி வேண்டுமென்றான். அந்த வாரம் ஊரில் யாரும் சாகவில்லை. படுப்பதென்றால் கசக்காத பிமுர்சா, பிணமாக நடிக்க முன்வந்தான். எங்கள் ஆண்களுக்கு ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தத் தெரியாது, முழுக்கப் பாடிவிட்டார்கள். முழு ஒப்பாரி பாடப்பட்டவன் செத்தவன்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. பிமுர்சா எழுந்து வீட்டுக்குப் போனபோது, மனைவி குல்கான் கருப்பு உடுத்தி வாசலை மறித்து நின்றாள்.

"எங்க வர்றீங்க? செத்தவங்களுக்கு ஜனவரியிலதான் விருந்து. அப்போ வாங்க."

"அடியே, இப்பப் பசிக்குதுடி!"

"பொணத்துக்கு என்ன பசி?"

சொல்லும்போதே அழுதாள். ஆனாலும் வழிவிடவில்லை. அவன் வைக்கோல் பரணில் தங்கினான்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் உப்பு தீர்ந்தது. மாடுகள் வேர்வைக்காக எங்கள் சட்டைகளை நக்கின, பால் வற்றியது. முந்தைய ஆண்டு உப்புக்காகக் கணவாயைத் தாண்டப் போன ஆறு பேரைப் பனிச்சரிவு விழுங்கியிருந்ததால் ஒருவரும் அசையவில்லை. "எனக்கென்ன போச்சு? நான்தான் செத்தாச்சே" என்று பிமுர்சா கிளம்பினான். பனி மூன்று முறை அவன்மேல் சரிந்தது. எடுத்துக்கொள்ள அவனிடம் உயிர் இல்லாததால் மூன்று முறையும் விட்டுவிட்டது. செத்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் ஜனவரி விருந்தின் முதல் நாளன்று, முதுகில் ஒரு மூட்டை உப்போடு வந்து சேர்ந்தான். குல்கான் ஓடிவந்து கதவைத் திறந்தாள். அன்று ஊரே உப்புப் போட்டுச் சாப்பிட்டது. அந்தச் சந்தோஷத்தை எங்களால் மறக்கவே முடியாது. ஆனால் விருந்து ஒரு வாரம்தான்; பிறகு வழக்கப்படி அவனைப் பரணுக்கு வழியனுப்பினார்கள். குல்கான் அடுத்த ஐந்து மாதம் யாரோடும் பேசவில்லை.

ஜூனில் தேமுர் திரும்பி வந்தான். பழைய காட்சி சரியாகப் பதியவில்லை, இன்னொரு பிணம் வேண்டுமென்றான். அவன் கேட்டு முடிக்குமுன் குல்கான் கருப்பு முக்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் படுத்தாள்.

"பாடுங்கடா, ஒரு அடிகூட விடாம பாடுங்க!"

பாடினார்கள். அடுத்து அவள் அண்ணன் படுத்தான், பிறகு ஊரே வரிசையில் நின்றது. கடைசி ஆளுக்குப் பாட உயிரோடு யாருமில்லாததால் தேமுரே பாட வேண்டியதாயிற்று. சுருதி சேரவில்லை, ஆனாலும் செல்லுபடியானது. அன்று மாலை குல்கானும் பிமுர்சாவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு எந்தப் பனியிலும் நாங்கள் நினைத்தபோதெல்லாம் கணவாயைத் தாண்டினோம். சாலை பின்னால்தான் வந்தது. அதை வெட்டியதும் நாங்கள்தான்.