சலவைச் சிஸ்டரின் ஐந்து நோட்டுகள்

சலவைச் சிஸ்டர் இறந்து பதினோரு மாதம் கழித்து, அவள் எழுதி வைத்திருந்த ஐந்து நோட்டுகளும் அலுவலகச் சிஸ்டரின் மேசைக்கு வந்தன. மடத்தில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஆண்டவர் அவகிட்ட பேசினது உண்மையான்னு விசாரிக்க ஆயர் இல்லத்துல கேக்கறாங்க. ஒரு எழுத்துகூட மாத்தாம அடிச்சுக் குடுங்க" என்றார் மதர்.

"சரிங்க மதர்" என்றாலும் அலுவலகச் சிஸ்டருக்கு உள்ளூரக் கடுப்பு. தன்னைவிடப் பத்து வயது இளையவளான சலவைச் சிஸ்டரோடு அவருக்கு எப்போதும் ஏழாம் பொருத்தம். ஆண்டவர் தன்னோடு பேசுகிறார் என்று பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லப்போக, கேட்ட சாமியார் அதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார். 'நாங்களும்தான் முப்பது வருஷமா முழங்கால் தேய ஜெபிக்கிறோம், எங்ககிட்ட யாரும் பேசக் காணோமே' என்பது அலுவலகச் சிஸ்டரின் வழக்கு.

காட்சி, ஒளி, தேவதூதர் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்து அடிக்க ஆரம்பித்தார். முதல் நோட்டில் பாதிக்கு மேல், 'இன்று ஆண்டவர் பேசவில்லை. போர்வைகள் காயவில்லை' என்ற ரீதியில்தான் இருந்தது. அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மூன்றாவது நோட்டில் கை நின்றது.

'பொதுச் செபம் தவிர மற்ற நேரம் சிற்றாலயத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள்.'

அந்த யாரோ இவரேதான். "அங்க துணி ஊறி நாறுது, இங்க இவ சொக்கிப்போய் உக்காந்திருக்கா" என்று அப்போதைய மதரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தவர். எட்டு மாதம் அந்தத் தடை நீடித்தது.

அடுத்த பக்கம்: 'உம்மை எங்கே பார்ப்பது என்று கேட்டேன். கை எங்கே இருக்கிறதோ அங்கே என்றார். கை சோப்புத் தண்ணீரில் இருந்தது.'

அதற்கும் அடுத்தது: 'புகார் சொன்னது அலுவலக அக்கா என்று தெரிந்துவிட்டது. அவர் துணியை அடித்துத் துவைத்தேன். கோபம் போகவில்லை. மறுபடி அலசினேன். கொஞ்சம் போனது. நாளையும் அலச வேண்டும்.'

அலுவலகச் சிஸ்டர் அந்தப் பத்தியை விட்டுவிட்டு நான்கு பக்கம் தட்டச்சு செய்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. பிறகு பின்னால் போய், விட்டதைச் சேர்த்தார். அச்செடுத்த தாளோடு மதரின் அறைக்குப் போய், அந்த இடத்தைக் காட்டினார்.

"வேணும்னா 'ஒரு அக்கா'ன்னு போட்டுக்கலாமே" என்றார் மதர்.

"மாத்தக் கூடாதுன்னீங்களே மதர். இருக்கட்டும்."

ஆயர் அனுப்பிய சாமியார் விசாரணைக்கு வந்தபோது, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அலுவலகச் சிஸ்டரின் முறை வந்தது.

"ஏதாவது அற்புதம் பாத்தீங்களா சிஸ்டர்?"

"நான் ஒண்ணும் பாக்கல சாமி. அவ துவைச்சா துணி நல்லா வெளுக்கும், அவ்வளவுதான். மூணாவது நோட்டுல வர்ற அக்கா நான்தான். அதையும் எழுதிக்கோங்க."

சாமியார் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "படிச்சப்போ எப்படி இருந்துச்சு?"

"வெக்கமாப் போச்சு" என்றார். "ஆனா அவளுக்கும் கோபம் வந்திருக்கு, அதை மறைக்காம எழுதியிருக்கா பாருங்க. அதைப் படிச்சப்புறம்தான் சாமி, மத்ததையெல்லாம் நம்பத் தோணுச்சு."