தண்ணீருக்குப் பட்டா இல்லை

எண்ணெய்க் கம்பெனிக்கு வக்கீல் என்றால், பெட்ரோல் பீறிடுகிற இடத்தில் நான் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதாக என் மைத்துனன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். நான் நின்றதெல்லாம் மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே வரப்புகளில். கையில் சர்வே படம், காலில் சேறு. கடலோரத் தொட்டிகளிலிருந்து புதுத் தொழிற்சாலைகளுக்கு ஃபர்னஸ் ஆயில் போகும் குழாய்க்கு வழி வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. "மேலே நீ உழுதுகொள், கீழே குழாய் போகும், மரம் வைக்காதே, கிணறு வெட்டாதே." வருஷக்கணக்காக விவசாயிகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இதையே பத்துப் பக்கம் இங்கிலீஷில் எழுதத் தெரிந்ததால் திருவள்ளூர் மணவாள நகரில் மாடிவீடு கட்டினேன்.

என் பெயர் யதிராஜன். திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் சுவாமிக்குத் தளிகை சமைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மாதத்தில் ஒன்பது நாள் முறை. அந்த ஒன்பது நாளையும் பெரியப்பா பிடுங்கிக்கொள்ளப் பார்த்தபோது, 1961-ல், வக்கீலாகி மூன்று மாதம்கூட ஆகாத நான்தான் அப்பாவுக்காக வாதாடினேன். முறை என்பது ஒரு சொத்து, ஒரே நாள் முறையானாலும் சொத்துதான், அதைத் தடுத்தால் நஷ்டஈடு உண்டு என்று பழைய தீர்ப்புகளை அடுக்கினேன். ஜெயித்தேன். அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. இதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்ட எனக்கு இஷ்டமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

1973 ஐப்பசியில் குழாய் உடைந்தது. பழவேற்காடு ஏரிக்குப் போகும் ஒரு வாய்க்காலுக்கு அடியில் உடைந்ததால் மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. இறால் ஏறுகிற பருவம். வலையெல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்தது. பிடித்த இறாலை வியாபாரிகள் மோந்து பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள். முப்பத்தெட்டுக் குடும்பம் இருந்த ஒரு குப்பம் கம்பெனிமேல் வழக்குப் போட்டது. குப்பத்துக்குப் பெரியவன் நாகமுத்து. அவர்களுடைய வக்கீல் யேசுதாஸ், லாரி விபத்து வழக்குகளை நன்றாக நடத்துகிறவர். மாதா கோயில் தவிர வேறு கோயில் வாசலை மிதிக்காத மனிதர். கோயில் முறை வழக்கு ஒன்றுகூட அவர் கைக்கு வந்ததில்லை.

ஏரியில் அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். வருஷத்துக்கு ஒருதடவை சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் அடுத்தவன் பாட்டில் வலை போட்டவன் அந்தக் குப்பத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வழக்குக் கட்டில் இதைப் படித்ததும் 1961 வழக்குதான் என் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவின் ஒன்பது நாளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. யேசுதாஸ் எழுந்து அந்த ஒரு வாதத்தைச் சொன்னால் போதும், கம்பெனி தொலைந்தது.

நாகமுத்து கூண்டில் ஏறினான். இரவல் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

"அந்த இடம் உன்னுடையதா?" என்று கேட்டேன்.

"என்னுது இல்லீங்க. அன்னிக்கி என் பாடு, அவ்ளோதான்."

"மறுநாள்?"

"முனிகிருஷ்ணன் பாடு."

"அப்படியானால் அது முனிகிருஷ்ணன் இடமா?"

"அவனுதும் இல்லீங்க. யாருதுன்னு சொல்றது? தண்ணியாச்சே. எல்லாம் அம்மனுது."

கோர்ட்டே சிரித்தது. பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால், பாட்டன் காலத்திலிருந்து என்னுடையது என்று அடித்துப் பேசியிருப்பான். தன் பாடு இல்லாத நாளைத் தன்னுடையது என்று சொல்வது இவர்களுக்குத் திருட்டு. அந்த யோக்கியதையை எடுத்து அவர்கள் கழுத்திலேயே இறுக்கினேன். தண்ணீருக்குப் பட்டா இல்லை, உரிமை இல்லாதவனுக்கு நஷ்டமும் இல்லை என்று முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். பிறகு யேசுதாஸ் எழுந்தார். பாடு என்ற வார்த்தை வருகிறதா என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் ஏழைகளின் வயிற்றைப் பற்றியும் எண்ணெய் நாற்றத்தைப் பற்றியும் உருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். வழக்கு தள்ளுபடியானது.

அன்று சாப்பிடும்போது பெருமை தாங்காமல் என் மனைவி ஸத்யபாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, நம்மாத்து முறைக்கு மட்டும் பட்டா இருந்துதா?"

"வாயை மூடிண்டு ரசத்தை விடு," என்று கத்தினேன். விட்டாள். அதற்குப் பிறகு என் வழக்கு எதைப் பற்றியும் அவள் கேட்டதே இல்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. அதில் பன்னிரண்டு நாள் மீதி இருந்தபோது நாகமுத்துவும் அவன் பெண்ஜாதி செல்லியம்மாளும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பொன்னேரியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, விசாரித்துக்கொண்டே வந்திருந்தார்கள்.

"அய்யா, யேசுதாஸ் சாரு மேல போலான்றாரு," என்றான் நாகமுத்து. "அதுக்குப் படகத்தான் விக்கணும். அதான் உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு போலாம்னு வந்தோம். மேல போனா வழி இருக்குதா?"

"எதிர்க்கட்சி வக்கீலிடம் வந்து கேட்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா?"

"சட்டம் தெரிஞ்சவரு நீங்கதான். கோர்ட்ல பாத்தோமே. இருக்குதா இல்லியான்னு தெரியாமத் திரியறதுதான் பேஜாரா இருக்குது. இல்லன்னு தெரிஞ்சா வுட்டுட்டு வேற பொழப்ப பாப்போம்."

பதில் சொல்ல மாட்டேன், போ என்று நான் கதவைச் சாத்தியிருக்கலாம். அதுதான் தொழில் தர்மம். வாயைத் திறக்காமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று சட்டக் கல்லூரியில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் கதவைச் சாத்தினால் ஏதோ வழி இருக்கிறது என்று இவர்கள் மோப்பம் பிடித்துவிட்டால்? மேல்கோர்ட்டில் கோயில் வழக்கு நடத்திய ஒரு வக்கீல் இவர்களுக்குக் கிடைத்துவிட்டால்?

"இல்லை," என்றேன். "ஒரு வழியும் இல்லை."

செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வுடுய்யா, ஊட்டுக்குப் போலாம்," என்றாள். நாகமுத்து என்னைக் கும்பிட்டான். படியிறங்கும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

மேல்முறையீடு போகவில்லை. இரண்டு பருவம் இறால் சரியாக இல்லை. பதினெட்டுக் குடும்பம் கவரைப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகளில் மூட்டை தூக்கப் போய்விட்டது. கம்பெனி என்னைத் தலைமை வக்கீலாக்கியது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் அளக்க மாட்டேன். நன்றாகத்தான் இறங்கியது. எதுவும் பிடிக்காமல் போயிற்று, அவ்வளவுதான். காலையில் கோட்டு மாட்டும்போது கண்ணாடியில் நிற்கிற ஆளை ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கும். அறைந்ததில்லை.

1977-ல் கம்பெனி இரண்டாவது குழாய் போட நினைத்தது. இந்தத் தடவை எரிவாயு. குழாய் போகிற வழி நாகமுத்து குப்பத்தின் நல்ல பாடுகளுக்கு நேர் நடுவில். பழைய வழக்கை ஞாபகம் வைத்திருந்த மேனேஜர், குப்பத்தில் மிச்சமிருந்த இருபது குடும்பத்திடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிவிடச் சொன்னார். ஜீப்பில் போனேன். கல்லெறி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். விழட்டும் என்றுகூட இருந்தது. மறுத்துவிடுங்கள், ஒருத்தன் மறுத்தாலும் போதும், நான் திரும்பிப் போய் முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனேன்.

வலை உலர்த்துகிற மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முனிகிருஷ்ணன் மட்டும் நின்றுகொண்டே, "இன்னா எழுதிக்கிதுன்னு படிச்சுக் காட்டட்டும்," என்றான். எனக்கு உயிர் வந்தது. காகிதத்தைப் பிரித்தேன்.

நாகமுத்து குறுக்கே கையை நீட்டினான்.

"உக்காருடா. இவரப் பத்தி இன்னா தெரியும் உனக்கு? அன்னிக்கி நம்ம வக்கீலே டப்புக்கு ஆசப்பட்டு நம்மள மேல இட்டுக்கினு போவப் பாத்தாரு. எதிர்க்கட்சியா இருந்தும் இல்லன்னு நிஜத்த சொன்னது இவரு ஒருத்தருதான். அய்யா எழுதினா சரியாத்தான் இருக்கும். கைய வை."

அவனே முதலில் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தான். பக்கத்தில் செல்லியம்மாள் வைத்தாள். யேசுதாஸ் நல்லவர், அவர் சொன்னதுதான் நிஜம், வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது, இதில் கை வைக்காதீர்கள் என்று அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"அடுத்தது யார்?" என்றுதான் வந்தது.