பச்சைக் காது

காலை ஏழு நாற்பதுக்கு அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டினார்கள். முயல்காரர் தீவன வாளியைக் கீழே வைக்காமலே படித்தார்.

திங்கள் முதல் ஆய்வுக்கூடத்தில் முயல் கிடையாது. ஷாம்பு கண்ணை எரிக்குமா என்பதை இனி கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்ப்பார்கள். மருந்து படாத முயல்களை வீடுகளுக்குத் தரலாம். காதில் பச்சை மை குத்தியவை மருந்து பட்டவை. வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் கொல்லும் ஊசி.

ஊசி போடுவதும் அவர் வேலைதான்.

கூடத்தில் முப்பத்தொரு முயல். பச்சைக் காது பத்தொன்பது. அதில் எட்டு பொய்.

முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் அடைத்து, கண்ணில் சொட்டு விடுவார். மறுநாள் சிவப்பைப் பார்த்து மதிப்பெண் எழுதுவார். காதில் பச்சை ஏறிவிட்டால் பிறகு சொட்டு இல்லை, மாதம் ஒருமுறை எடை மட்டும். இரண்டு வருடம் முன்பு ஒன்று பெட்டிக்குள் உதறி முதுகு ஒடிந்து செத்தது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். சிலதுக்குச் சொட்டு விடாமல் மை மட்டும் குத்தினார். மதிப்பெண்ணைப் பக்கத்துக் கூண்டைப் பார்த்து எழுதினார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோல.

கீழே கேக் வெட்டினார்கள். ஆறு வருடம் அலைந்து இந்தத் தட்டுச் சோதனைக்கு அனுமதி வாங்கியவரை எல்லோரும் தட்டு மேடம் என்பார்கள். அவரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"என்னண்ணே, உங்க பிள்ளைங்களுக்கு விடுதலை. நீங்க என்னடான்னா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க."

"கெடைக்க வேண்டிய எட்டு பேருக்கு இல்ல மேடம்."

மை குத்திய கதையைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மேடம் கேக்கைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஷாம்பு வரிசையிலயா?"

"அதுலதான்."

மேடம் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"என் தட்டு சரியா சொல்லுதான்னு எதோட ஒப்பிட்டுப் பாத்தாங்க தெரியுமா? நீங்க எழுதின மதிப்பெண்ணோட. செத்ததையும் சேத்து நாப்பது முயல். அதுக்குக் கொறையக் கூடாதுன்னு கமிட்டி கறாரா சொல்லிட்டாங்க."

"தட்டு தப்பா சொல்லுச்சா?"

"இல்லண்ணே. தட்டு சரிதான். ஆனா எட்டு போனா முப்பத்திரெண்டு. அனுமதி செல்லாது. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் முயல் வாங்குவாங்க."

"எத்தன?"

"வருஷத்துக்கு இருநூறு."

முயல்காரர் ஒரு கூண்டுக்குள் விரலை நீட்டினார். உள்ளே இருந்தது வந்து முகர்ந்தது. அதன் காதில் மை லேசாகக் கசிந்திருந்தது. எட்டில் அதுவும் ஒன்று.

"மை மட்டும் தெரியாம குத்திட்டேன்னு சொன்னா?"

"அப்போ மதிப்பெண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"நான் வேலைய விட்டுடறேன் மேடம். பழி எம்மேல."

"பழிய வெச்சு என்னண்ணே பண்றது? கணக்கு நாப்பது."

கீழே கைதட்டல் கேட்டது. யாரோ மாடிப்படியில் நின்று மேடத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். "ரெண்டு வார்த்த சொல்லுங்க மேடம், போட்டோக்காரர் காத்திருக்கார்."

"வரேன்."

மேடம் எழுந்தார். கேக்கைக் கூண்டின்மேல் வைத்தார். கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"அண்ணே, இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லன்னு வெச்சுக்கலாமா?"