பிரேக்கில் மிதந்த எண்ணெய்

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்பேனரின் மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தியபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு ஸ்பேனருக்குப் பிடிக்காது. தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்தே பிடிக்காது. சொந்தக் கல்யாணத்துக்கே சட்டைப் பையில் ஸ்பேனரோடு போய் நின்றவர் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான்.

"முன் சக்கரம் தானா பிடிச்சுக்குது மச்சான். டிஸ்க்கைத் தொட்டா கை வெந்துடும் போல. யாரோ கை வச்ச மாதிரி எனக்குப் படுது. பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

"பழைய வண்டி மாப்பிள்ளை. இதுல யாரு கை வைக்கப் போறா?"

"அதைத்தானே நீங்க சொல்லணும்." சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். "சாயங்காலம் வரேன். அவளையும் இங்கேயே வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் மலைக்கு ஒரு சுத்து போயிட்டு வரோம்."

அவன் போனதும் ஸ்பேனர் வேலையில் உட்கார்ந்தார். கைப்பிடி மேலிருந்த பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் தடுப்பு இரண்டு மடங்காக ஊதிக் கோணிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அடியில் பழுப்பாகப் பழைய பிரேக் எண்ணெய். அதன் மேல், ஒட்டாமல், தெளிவான இன்னொரு எண்ணெய் மிதந்தது.

விரலால் தொட்டு முகர்ந்தார். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலிலேயே வந்து மூக்கில் ஏறும் வாசனை. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்.

யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கை மட்டும் பழக்கத்தில் வேலையைப் பார்த்தது. சக்கரத்தோரம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினார். பிஸ்டன் அசைய மறுத்தது. காற்றடித்துத் தள்ளியபோது பொட்டென்று வெளியே வந்து துணியில் விழுந்தது. சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் ஊறிப் பருத்து, காடியை விட்டுப் பிதுங்கியிருந்தன. சமதரையில் ஓட்டியதால் சக்கரம் இழுத்ததோடு போயிற்று. மலை இறக்கத்தில் சூடேறியிருந்தால் ஒரே பிடியாகப் பிடித்திருக்கும். அதற்கு மேல் நினைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ரப்பர் என்று இருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார். எண்ணெய் போகும் குழாயையும் மாற்றினார். பிஸ்டனில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தார். மாட்டி முடிக்கும் நேரத்தில் தங்கை வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சரி பண்ணிட்டியா அண்ணா?"

"பிரேக் குழாய்ல இன்னும் காத்து எடுக்கலை. ஒரு ஆள் வேணும். வந்து பிரேக் லிவரைப் பிடி."

அவர் கீழே உட்கார்ந்து, காலிப்பர் முனையில் மாட்டிய மெல்லிய குழாயைப் பாட்டிலுக்குள் விட்டார். "அமுக்கு. விடு. அமுக்கு. இப்ப அமுக்கியே பிடி, நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதே." அந்த முனையில் இருந்த திருகைத் திறந்தார். குழாயில் குமிழ் குமிழாகக் காற்று போயிற்று. மூடினார். "விடு."

நாலைந்து தடவை இப்படிப் போனது. தலையைத் தூக்காமலே கேட்டார். "நீதானா?"

லிவர் மேலிருந்த விரல்கள் அசையவில்லை. "தப்பான எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும், பிரேக் போயிடும்னு நீதானே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னே."

"ஏம்மா?"

"மலை வளைவுல ரெண்டு கையையும் விட்டுடுவாரு. 'குதிக்கிறியா, இல்ல நானே தள்ளட்டுமா'ன்னு கேட்டுட்டுச் சிரிப்பாரு. நான் கத்தினாத்தான் கையை வைப்பாரு. வாராவாரம் கூட்டிட்டுப் போறாரு அண்ணா. ஊர்க்காரங்க பார்த்தா, எவ்வளவு ஆசையாக் கூட்டிட்டுப் போறான் பாருன்னு சொல்றாங்க."

"பின்னால நீயும்தானே உட்காந்திருப்பே?"

"தெரியும்."

திருகு திறந்தபடியே இருந்தது. லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியே விட்டுடேன் அண்ணா. பழைய வண்டிதானே. யாரு கேக்கப் போறா?"

"விடாதே. பிடி." திருகை இறுக்கினார். "முடியாதும்மா. எவனையும் என் கையால அனுப்ப மாட்டேன். உன்னையும் அவன்கூட அனுப்ப மாட்டேன். உள்ளே போய் உட்காரு."

கிண்ணத்தில் மறுபடி எண்ணெய் ஊற்றி மிச்ச வேலையைத் தனியாகவே முடித்தார். கடைசியில் லிவர் கல் மாதிரி நின்றது.

வெயில் இறங்கும்போது மாப்பிள்ளை வந்தான். லிவரை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினான். "என்ன கோளாறு மச்சான்?"

"ரப்பர் பழசு. ஊறிப்போச்சு."

"அவ்வளவுதானா?" தகரத் தட்டில் கிடந்த பழைய வளையம் ஒன்றை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. "வீட்டு வாசனை அடிக்குது. அவ எங்கே?"

"அவ உங்ககூட வரலை மாப்பிள்ளை. இனிமே இங்கேதான் இருப்பா."

"என் பொண்டாட்டியை வச்சுக்க நீங்க யாரு?"

"அவளுக்கு அண்ணன்." ஸ்பேனர் உள்கதவை மறைத்துக்கொண்டு நின்றார். எதிர்க்கடைக்காரர் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்.

மாப்பிள்ளை எதிர்க்கடைக்காரரையும் பார்த்தான், மூடிய கதவையும் பார்த்தான். வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சரி மச்சான். இது என்கிட்ட இருக்கட்டும். எங்கே காட்டணுமோ அங்கே காட்டிக்கிறேன். இல்லேன்னா அவளே வந்து வாங்கிக்கட்டும்."

தெருமுனை வரை போன வண்டி அங்கேயே நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கடையைப் பார்த்தபடி அவன் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினான்.

தங்கை திரும்பிப் போகவில்லை. கடையை ஒட்டிய அண்ணன் வீட்டுப் பின்னறையில் தைக்கிறாள். அந்த அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. ஸ்பேனர் பின்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். போலீஸில் போய்ச் சொல்லலாம் என்று ஒருநாள் கிளம்பியவர், அந்த ரப்பர் வளையத்தை நினைத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டார். மாப்பிள்ளை எதுவும் செய்யவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் தெருமுனைக்கு வந்து நிற்கிறான், அவ்வளவுதான். ஒரு வாரமாகத் தினமும் கொஞ்சம் கிட்டே வந்து நிற்கிறான்.