கெலெக்கின் கம்பம்

முதல் மரத்தைப் பார்த்ததும் யூட்ரோன் தொப்பியைக் கழற்றிவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

“அடியே, அது சும்மா நிக்கிற மரம்டி. சாமி இல்ல,” என்று சிரித்தான் அவள் புருஷன் தாம்தின்.

“சும்மாவா? எம்புட்டு ஒசரம் நிக்குது, சும்மா நிக்குதாம்ல!”

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. திபெத்தின் வடக்குச் சமவெளியில், யாக் மேய்க்கிற வீட்டில் பிறந்து, யாக் மேய்க்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அங்கே புல்லே விரல் உயரத்துக்கு மேல் வளரப் பயப்படும். அவள் கண்ட உயரமெல்லாம் அவளுடைய கறுப்புக் கூடாரம்தான். பனிமலையா? தினமும் கண் விழித்தால் எதிரே நிற்கிற பக்கத்து வீட்டுக்காரன் அது. அதற்கெல்லாம் யாராவது வாயைப் பிளப்பார்களா? தாம்தின் வருஷா வருஷம் உப்பு மூட்டைகளோடு தெற்கே கொங்போ பள்ளத்தாக்குக்கு வந்துபோகிறவன். திரும்பி வந்து மரக்கதை அளப்பான். “அண்ணாந்து பாத்தா தொப்பி விழுந்துரும்” என்பான். போய்யா, புளுகாதே என்று அவள் வெண்ணெய் போட்டுத் தேநீரைக் கடைந்துகொண்டிருப்பாள். இப்போது பார்த்தால் அவன் சொன்னது புளுகே இல்லை, ரொம்பக் குறைச்சல்.

அன்று மாலைக்குள் ஒரு மரம் ஆயிரம் மரமாகிவிட்டது. கணவாயிலிருந்து இறங்க இறங்க தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் எழும்பி, கடைசியில் தலைக்கு மேலும் மூடிக்கொண்டன. நடுவழியில் அவள் நின்றுவிட்டாள்.

“வானத்த எங்கய்யா காணோம்?”

“மேலதான் இருக்கு. வா.”

“இம்புட்டையும் யாரு நட்டா?”

“யாரும் நடல. தானா முளைச்சது.”

தானா முளைச்சதாம்! அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கூடாரக் கம்பு ஒடிந்தால் அதற்காக மாமனார் மச்சான் எல்லாரும் கூடி வருத்தப்படுகிற ஊர் அவளுடையது. இங்கே மரம் விழுந்து, அதன் மேல் பாசி படர்ந்து, அந்தப் பாசியில் இன்னொரு மரம் முளைத்திருக்கிறது. கூட வந்த இரண்டு யாக்குகளும் இருட்டுக்குப் பயந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடந்தன. அவளும் புருஷனை ஒட்டிக்கொண்டுதான் நடந்தாள், வெளியே சொல்லவில்லை.

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவளுடைய ஒரே பிள்ளை கெலெக்கை ஆறு கொண்டுபோய்விட்டது. வடக்கே ஆற்றுக்குப் பாலம் கிடையாது. மரமே இல்லாத ஊரில் பாலத்துக்கு எங்கே போவது? எல்லாரும் இறங்கித்தான் கடப்பார்கள். பிள்ளை பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “முழங்கால் அளவுதாம்மா,” என்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினான். பூட்ஸில் ஒன்றுதான் கிடைத்தது.

அவன் பெயருக்கு மந்திரக்கொடிக் கம்பம் நட வேண்டும், வருஷம் முடிவதற்குள் நட வேண்டும் என்று லாமா சொல்லியிருந்தார். கொடியில் அச்சடித்த மந்திரத்தைக் காற்று படித்துக்கொண்டே போகும், போன பிள்ளைக்கு வழி தெரியும். ஊரில் எல்லாரும் குட்டைக் கம்புகளை ஒன்றோடொன்று கட்டித்தான் நடுவார்கள். யூட்ரோன் கேட்கவில்லை. என் பிள்ளைக்கு ஒட்டுப்போட்ட கம்பமா? ஒரே மரம். முழு மரம். அதற்காகத்தான் இந்த நடை.

தாம்தினோடு வருஷாவருஷம் உப்பு மாற்றிக்கொள்கிறவர் லக்தோர் என்ற கொங்போக்காரர். நல்ல மனிதர், வாய்தான் நீளம். உப்பையும் கம்பளியையும் வாங்கி வைத்துக்கொண்டு, தாம்தினின் முழங்கால் வலிக்கு ஊர் வைத்தியத் துறவியிடம் மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, காட்டுக்குக் கூட்டிப்போனார். தாம்தின் நடுத்தரமான ஒரு மரத்தைக் காட்டினான். யூட்ரோன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒல்லியாக, நேராக, முடிவே இல்லாமல் மேலே போன ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணீரோடு நின்றாள்.

“தாயி, இத எப்படிக் கொண்டுபோவ?” என்றார் லக்தோர்.

“யாக் தூக்கும்ணே.”

“வழியில மடக்கு இருக்கே?”

“மடக்குன்னா?”

லக்தோர் தாம்தினைப் பார்த்தார். தாம்தின் தரையைப் பார்த்தான். சமவெளியில் எந்தப் பொருளையும் எந்தப் பக்கமும் கொண்டுபோகலாம், குறுக்கே நிற்க ஒன்றும் கிடையாது. ஒரு மரம் வழியில் திரும்ப வேண்டியிருக்கும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. பொம்பளை அழுதுகொண்டு நிற்கும்போது புருஷன் எதைச் சொல்வான்? வெட்டினார்கள். பட்டையை உரித்தார்கள். தரையில் இழுபடக் கூடாது என்று அவள் ஒரே பிடிவாதம். அதனால் முன்னால் ஒரு யாக், பின்னால் ஒரு யாக், நடுவே கம்பம்.

முதல் மடக்கில் தெரிந்துவிட்டது வண்டவாளம். முன் யாக் பாறையைச் சுற்றித் திரும்பிவிட்டது, பின் யாக் திரும்ப மாட்டேன் என்கிறது, கம்பம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவிழ்த்து, தோளில் தூக்கி, அங்குலம் அங்குலமாகத் திருப்பி, மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மடக்குதான். எதிரே வந்த கோவேறு கழுதைக்காரர்கள் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டபடி வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

“என்னக்கா, வானத்துக்கு முட்டுக் கொடுக்கப் போறீங்களா?”

“ஆமாடா, உன் தலையில விழுந்துடக் கூடாதுல்ல!”

தாம்தினுக்குத் தோள் தோலுரிந்துவிட்டது. ஒரு தடவை கோடரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “நுனியில கொஞ்சமா நறுக்கிரலாமா?” என்றான். அவள் பார்த்த பார்வையில் கோடரி தானாக மூட்டைக்குள் போய்விட்டது.

இப்படியே நடந்து பள்ளத்தாக்கின் தலைமாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே அது நெஞ்சில் கேட்டது. காலடிப் பாறை அதிர்ந்தது. கடைசி மடக்கைத் திரும்பினால், அம்மாடி! இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே வெள்ளைவெளேரென்று ஒரு தண்ணீர், பாறாங்கற்களை உருட்டிக்கொண்டு பாய்கிறது. மேலே முழுக்க மேகம். பாலம் இருந்த இடத்தில் இரண்டு முறிந்த கட்டைகள்தான் துருத்திக்கொண்டிருந்தன. மலையில் ஏதோ பனி ஏரி உடைந்திருக்க வேண்டும்.

அவள் இரண்டு அடி பின்னுக்கு நகர்ந்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் எந்த ஆற்றையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை; வரும்போது இங்கிருந்த பாலத்தைக்கூடப் புருஷன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் கடந்தாள். பயந்தாள் என்பது நிஜம். ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று, யாரையும் கேட்காமல், தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் முன்னால் நின்று யாரைத் திட்டுவது?

“கவலைப்படாத,” என்று அவள் காதில் கத்தினான் தாம்தின். “விடியக்காலையில பனி உருகுறது நிக்கும், தண்ணி வடிஞ்சிரும். மேல அகலமான எடத்துல யாக்க எறக்கிக் கடந்துரலாம்.”

அப்போதுதான் அக்கரையில் ஆட்களைப் பார்த்தார்கள். ஒரு புருஷன், ஒரு பெஞ்சாதி. அவன் முதுகில் கூடை, கூடைக்குள் ஒரு சின்னப் பெண். தலை கூடை விளிம்பில் சரிந்து கிடந்தது. பெஞ்சாதி தன் நெஞ்சைக் காட்டி, குழந்தையைக் காட்டி, பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தைக் காட்டி, கையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினாள். மூச்சு முட்டுகிறது. கீழே லக்தோரின் ஊர் வைத்தியரிடம் போகிறார்கள். விடியும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

அவன் கூடையைப் பெஞ்சாதியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றினான். கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஆழம் பார்க்கப் போகிறான்.

“டேய்!” யூட்ரோன் போட்ட சத்தம் ஆற்றையே ஒரு நொடி அடக்கிவிட்டது போலிருந்தது. “எறங்காத! எறங்கினே, உன் காலை ஒடிச்சுப்புடுவேன்! நில்லுடா!”

வார்த்தை கேட்டிருக்காது. ஆனால் அவள் கை காலை ஆட்டி ஆடிய ஆட்டத்தில் அவன் நின்றுவிட்டான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கம்பத்தப் போடுய்யா.”

“என்னது?”

“குறுக்க போடுன்னேன். நீளம் பத்தும்.”

தாம்தினின் முகம் மாறிவிட்டது. “அது கெலெக்கோட கம்பம்டி. கொடி பறக்கிறதுக்கு. மேல கால வச்சு நடப்பாங்க.” அவர்கள் ஊரில் மந்திரக்கொடியைத் தாண்டிக்கூடப் போக மாட்டார்கள், மிதிப்பது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

“நடக்கட்டும்.”

“யூட்ரோன்...”

“நம்ம புள்ள எறங்கினப்ப நான் சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். இன்னொரு தரம் நிக்க என்னால ஆகாது. போடுய்யா!”

கொஞ்சம் மேலே இரண்டு பாறைகள் நெருங்கி வருகிற குறுகலான இடம் இருந்தது. தாம்தின் இடுப்புக் கவணை அவிழ்த்து, கல்லில் மெல்லிய கம்பளிக் கயிறு கட்டிச் சுழற்றி விட்டான். ஓடுகிற ஓநாயின் மூக்கில் அடிக்கிறவன்; அக்கரைக்காரனின் காலடியில் போய் விழுந்தது. அதைப் பிடித்து, அதன் வாலில் முடிந்திருந்த தடிக்கயிற்றை அவன் இழுத்துக்கொண்டான். கயிற்றின் மறுமுனையைக் கம்பத்தின் நுனியில் கட்டினார்கள். அடியைப் பாறைப் பிளவில் செருகினார்கள். தடாலென்று விழாமலிருக்க இன்னொரு கயிற்றை நுனியிலிருந்து பின்னால் யாக்குகளுக்குக் கட்டினார்கள். அக்கரையில் அவர்கள் இரண்டு பேரும் இழுக்க, இக்கரையில் இவர்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ள, கம்பம் எழுந்தது. முதலில் இடுப்பளவு, பிறகு தலையளவு, பிறகு எட்டாத உயரம்.

ஒரு கட்டத்தில் அது நேராக நின்றது.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. பள்ளத்தாக்கின் தலையில், யாரும் எதிர்பாராத உயரத்தில், வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பனிமலை. பனிமலைக்கெல்லாம் வாயைப் பிளக்காத யூட்ரோன் அன்றைக்குப் பிளந்தாள். அவ்வளவு பெரிய மலைக்கு நேர் எதிரே, அவள் பிள்ளையின் கம்பம் ஒட்டில்லாமல், வளைவில்லாமல், முழுசாக நின்றது. தாம்தின் தள்ளுவதை நிறுத்திவிட்டான். அக்கரைக்காரனும் இழுப்பதை நிறுத்திவிட்டான். யாக்குகள்கூட அசையவில்லை. அவள் கம்பத்தில் நெற்றியை வைத்தாள். உள்ளே ஆற்றின் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, போ,” என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தள்ளினாள்.

பின்கயிறு முறுகி இழுக்க, கம்பம் மெதுவாகச் சாய்ந்து அக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தது. அதற்கு அப்பால் மிச்சம் ஒரு கை நீளம்தான். தாம்தின் அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடரியைப் பற்றி அவன் அப்புறம் பேசவே இல்லை.

தடிக்கயிற்றை இரண்டு பக்கப் பாறையிலும் பிடிமானமாகக் கட்டினார்கள். கூடைக்காரன் கூடையை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டு, கம்பத்தின் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தபடி, கயிற்றைப் பிடித்து, நகர்ந்து நகர்ந்து வந்தான். பின்னாலேயே அவன் பெஞ்சாதி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இக்கரைக்கு வந்ததும் யூட்ரோன் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. ஆனால் அந்தச் சின்னப் பெண் கண்ணைத் திறந்து, “ஆறு பெருசு,” என்றாள்.

“பெருசுதாண்டி தங்கம். நீ அது மேலேயே வந்துட்ட.”

“யாரோட கம்பம்க்கா இது?” என்றான் அவன். பட்டை உரித்துத் தேய்த்த பளபளப்பிலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“எம்மவன் கெலெக்கோடது. நின்னு பேசாத. ஓடு.”

அவன் கம்பத்தில் நெற்றியை ஒற்றிவிட்டு ஓடினான். மடக்கைத் திரும்பும்வரை யூட்ரோன் பார்த்துக்கொண்டே நின்றாள்.

விடிந்தபோது தாம்தின் சொன்னபடியே தண்ணீர் வடிந்திருந்தது. அவன் யாக்குகளை மேலே அகலமான இடத்தில் இறக்கி அக்கரை சேர்த்துவிட்டு, கம்பத்தின் நுனியில் கயிற்றை மாட்டினான்.

“ரெண்டும் சேந்து இழுத்தா வந்துரும். நாளு தவறாம நட்டுரலாம்டி.”

அவள் இக்கரைப் பாறையில் உட்கார்ந்து உப்புத் தேநீரில் பார்லி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். குரலை உயர்த்தினாள்.

“அத விடு.”

“என்னது?”

“மூணு பேரும் திரும்பி வரணும்ல? அவுக எதுல வருவாக?”

“லாமாவுக்கு என்ன பதில் சொல்ல?”

“ஆத்து மேலயும் காத்து அடிக்குதுன்னு சொல்லு.”

“மிதிப்பாங்கடி. தெனம் மிதிப்பாங்க.”

“மிதிக்கட்டும். மிதிச்சு அக்கரை போகட்டும்.”

தாம்தின் கம்பத்தின் நுனியில் குனிந்தான். கயிற்றை அவிழ்த்தான். மூட்டையிலிருந்து கோடரியை எடுத்துக்கொண்டு கம்பத்தின் மேல் காலைப் போட்டு உட்கார்ந்து, கால் வழுக்காதபடி மேல்பக்கத்தைச் செதுக்கித் தட்டையாக்கிக்கொண்டே நடு ஆற்றுக்கு வந்தான். சீவல்கள் தண்ணீரில் விழுந்து போயின. முகத்தைக் கையால் துடைத்துத் துடைத்துச் செதுக்கினான். இக்கரை வரைக்கும் செதுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

யூட்ரோன் மந்திரக்கொடியை எடுத்து, யாரும் மிதிக்காதபடி பிடிகயிற்றில் வரிசையாகக் கட்டினாள். மலையிலிருந்து இறங்கிய காற்று அதை உடனே பிடித்துக்கொண்டு படபடவென்று படிக்க ஆரம்பித்தது. பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டையும் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“என்னடி பண்ற? பூட்ஸோடவே வா,” என்றான் தாம்தின்.

அவள் காதில் வாங்கவில்லை. வெறுங்காலைக் கம்பத்தில் வைத்தாள். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியாக நடந்து அக்கரைப் பாறையில் இறங்கினாள். குனிந்து பாவாடையைத் தூக்கி, கணுக்காலிலிருந்து மேலே வரைக்கும் தடவிப் பார்த்தாள். திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

“முழங்கால்கூட நனையலடா,” என்றாள்.