முப்பதுக்கு முடித்த பேரம்

என் வாப்பாவின் நாக்குக்கு முதலில் சொல்லப்பட்ட விலை நாற்பது நாள். நான் பேசிக் குறைத்து முப்பதுக்கு முடித்தேன். கை அடித்துவிட்டு எழும்பும்போது, பல்வைத்தியம் படிக்கப் போனாலும் வியாபாரி மகன் வியாபாரி மகன்தான் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது இனாமாகக் கொடுக்கவும் தயார். வாங்கத்தான் ஆள் இல்லை.

வாப்பாவின் பெயர் தாஹிர். புத்தளத்தில் பாலாவிச் சந்தியில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடும் ஒரு நாக்கோடும் வந்து இறங்கியவர். பையில் இருந்தது ஒரு மாதத்தில் முடிந்தது. தில்லையடி வீடு, கிட்டங்கி, என் படிப்பு, மிச்சம் எல்லாம் நாக்குச் சம்பாதித்தது. மாம்புரியிலிருந்து கருவாடு கொண்டுவரும் யாகப்பு ஒரு விலை சொன்னால் வாப்பா சிரிப்பார், இருமுவார், பீடி பற்றவைப்பார், யாகப்புவின் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுகம் விசாரிப்பார். கடைசிப் பிள்ளைக்கு வரும்போது விலை பாதியாகியிருக்கும். யார் எதைச் சொன்னாலும் அது முதல் விலை, பாதியைத்தான் நம்பவேண்டும் என்பது வாப்பாவின் சட்டம். பிறை கண்டதாக வானொலியில் சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்.

நாலாம் வருட விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிடும்போது சம்பல் இடது பக்கம் எரிகிறது என்று வாப்பா தட்டைத் தள்ளினார். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாக என்று உம்மா சொன்னா. வாசல் வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு அவரை இருத்தி, கையுறை மாட்டிக்கொண்டு நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் பின்னுக்கு ஒரு புண். வெள்ளையும் சிவப்புமாக, ஓரம் தடித்து. விரலால் அழுத்தினேன். அடி கெட்டியாக இருந்தது. வாப்பாவுக்கு நோகவில்லை. நொந்திருந்தால் வெறும் புண் என்று நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இரண்டு கிழமையில் ஆறாத புண்ணை வெட்டிப் பார்க்கவேண்டும் என்பது எங்களுக்குப் படிப்பிக்கும் முதல் பாடங்களில் ஒன்று. வாப்பா எதையும் பாதியாக்குவார் என்பது அதற்கும் முந்திய பாடம். ஆகவே கூட்டிச் சொன்னேன். நாளைக்கே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் முழு நாக்கையும் எடுக்க வேண்டிவரும் என்றேன். வாப்பா சிரித்தார், இருமினார், பீடி பற்றவைத்தார். பல் குத்தியிருக்கும் என்றார். அவர் பீடியைப் பற்றவைத்த விதத்தைப் பார்த்ததும், என்னை அறியாமலே என் வாய் இறங்கிவிட்டது. சரி, நாளைக்கு வேண்டாம், ஒரு கிழமைக்குள் வாருங்கள் என்றேன்.

அதுதான் பிழை. நோய்க்கு ஒரு விலை சொல்லி, அதே மூச்சில் நானே குறைத்துக் காட்டினேன். குறைகிற விலை இன்னும் குறையும் என்று வாப்பாவுக்குத் தெரியாதா?

பீடியை விடுங்கள் என்றும் சொன்னேன். வாப்பா என் வலது கையைப் பிடித்து இழுத்தார். கருவாட்டின் செவுளை விரித்து மோந்து பார்ப்பதுபோல என் இரண்டு விரல்களுக்கு நடுவே மூக்கை வைத்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறைக்கு முதல் நாள் புகைக்கிறவர்கள் ஒருவர் பல்லை ஒருவர் சுரண்டி, கறை எடுத்து, மினுக்கி அனுப்புவோம். வீட்டில் உம்மாமார் பார்த்துப் பூரிப்பார்கள். அந்த முறை என் பல்லை மினுக்கியவன் அறைத் தோழன் இன்சாப். விரலை மினுக்க எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

"பல்லு முத்துப்போல இருக்கு. விரல் சுருட்டுக்கடை," என்றார் வாப்பா. "நீ நாப்பது நாள் விட்டுக் காட்டு மகன். நாப்பத்தோராம் நாள் நீ சொல்லுற இடத்துல நான் நாக்க நீட்டுறன்."

இருபது என்றேன். முப்பத்தைந்து என்றார். முப்பதில் கை அடித்தோம். ஒன்று ஊதினாலும் மறுநாள் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும் என்பதும் பேச்சில் சேர்ந்தது. அவருடைய பீடி சேரவில்லை. உம்மா, கமறியா என்று பெயர், ஒரு நாளும் வாப்பாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதவ, அன்றைக்கு அழுது பார்த்தா. மகனுக்கும் எனக்கும் பேச்சு முடிந்துவிட்டது என்று வாப்பா எழுந்து போய்விட்டார்.

மலைநாட்டில் இருக்கும் எங்கள் பல்வைத்தியப் பீடத்துக்குத் திரும்பினேன். ஒவ்வொரு நாளும் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா தொலைபேசியில் எடுப்பார். "இண்டைக்கு?" என்பார். "இல்ல," என்பேன். வைத்துவிடுவார்.

அந்த நாட்களில் இன்சாப் ஆய்வு ஒன்றுக்காகக் கேள்வித்தாள் கொண்டு திரிந்தான். பல்வைத்திய மாணவர்களின் புகைப்பழக்கமும் அதை விடுவது பற்றிய எண்ணமும். பெயர் எழுதத் தேவையில்லை. எங்கள் வகுப்பில் புகைக்கிறவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் விட விருப்பம் என்றே குறித்திருந்தார்கள். நோயாளிகளிடம் விடச் சொல்கிறீர்களா என்பதற்கும் பத்தொன்பது பேரும் ஓம். எப்போது விடுவீர்கள் என்ற இடத்தில்தான் சரக்கின் தரம் தெரிந்தது. இறுதிப் பரீட்சைக்குப் பிறகு என்று பன்னிரண்டு பேர். வேலை கிடைத்த பிறகு என்று ஐந்து பேர். கலியாணத்துக்குப் பிறகு, அவள் கேட்டால், என்று ஒருவன். மிஞ்சியது என்னுடைய தாள். அதில், விட்டு எட்டு நாள் என்று எழுதியிருந்தேன்.

இன்சாப் அதைப் பார்த்து எழுத்தை அடையாளம் கண்டுகொண்டான். "மச்சான், இதுக்குள்ள போட எனக்கிட்ட பெட்டி இல்ல. நீ ஒண்டில் ஊது, இல்லாட்டிச் செத்துப் போ. கணக்குப் பிழைக்குது," என்றான்.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் நோயாளர் விடுதிச் சுற்றில், வாப்பாவின் வயதில் ஒருவரைக் காட்டினார்கள். பாதி நாக்கு எடுக்கப்பட்டவர். பெயரைச் சொல்லச் சொன்னார் வைத்தியர். அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் எங்களுக்கு விளங்கவில்லை. நான்காம் முறை கேட்டபோது மேற்கூரையைப் பார்த்தார். நான் வெளியே வந்து ஆற்றங்கரை மூங்கிலடிக்குப் போனேன். எங்கள் ஆட்கள் நோயாளிகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்து ஊதுகிற இடம் அது. ஒருவன் பெட்டியை நீட்டினான். வாப்பாவின் நாக்கை நினைத்து வெளியே வந்தவனின் கை, வாப்பாவின் நாக்கைக் காக்கிற ஒரே விதியை மறந்து எடுத்தது.

அன்று மாலை சொல்லிவிட்டேன். கை அடித்த பேச்சில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். "அப்ப நாளைக்கு ஒண்டு," என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு ஆறுதல் இருந்தது. பரீட்சை தள்ளிப்போன செய்தி வந்தால் எங்கள் மாணவர் விடுதியில் கேட்கிற மூச்சு அது.

அப்போதுதான் எனக்கு வியாபாரம் விளங்கியது. வாப்பா என்னிடம் எதையும் விற்கவில்லை. நாள் வாங்கிக்கொண்டிருந்தார். கத்திக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நாள். நான் ஊதுகிற ஒவ்வொன்றும் அவருக்கு அந்த நாட்களைத் திரும்ப அள்ளிக் கொடுக்கும்.

கைத்தொலைபேசியில் எடுத்துவைத்திருந்த புண்ணின் படத்தை, வாய்ச் சத்திரசிகிச்சை வைத்தியர் பவுலினாவிடம் காட்டினேன். ஊரில் ஒரு நோயாளி என்றேன். அவ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தா. யார் என்று கேட்கவில்லை. நாளைக்குக் கூட்டிவரச் சொன்னா. அன்றைக்கே வாப்பாவுக்குச் சொன்னேன், பெரிய வைத்தியரே நாளைக்கு என்கிறா என்று.

"அது அவங்கட முதல் விலை," என்றார் வாப்பா.

இரண்டாம் சுற்றின் ஆறாம் நாள் உம்மா இரகசியமாகத் தொலைபேசியில் எடுத்தா. வாப்பா கஞ்சி மட்டும் குடிக்கிறார், கிட்டங்கியில் பேச்சைக் குறைத்துவிட்டார், தலையணை உறையில் இரத்தம் கண்டு துவைத்தேன் என்றா. வைத்ததும் இரண்டு ஊதினேன். மஃரிபுக்குப் பிறகு வாப்பா கேட்டபோது, இந்த முறை பொய் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். இல்லை என்றேன். அவர் வைக்கவில்லை.

"வல்லாஹி?"

அல்லாஹ்வின் பேரில் சொல் என்கிறார். என் வாயால் வரவில்லை. "அப்ப நாளைக்கு ஒண்டு," என்றார். குரல் தடித்திருந்தது, நாக்கின் கீழ் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

மூன்றாம் சுற்று ஒன்பது நாள் தாங்கியது. கராம்பு மென்றேன். சுவரைக் குத்தினேன். நோயாளி ஒருவரின் நல்ல பல்லைப் பிடுங்கப் போய்ப் பயிற்சியாளரிடம் ஏச்சு வாங்கினேன். அன்றைக்கும் ஊதவில்லை. பத்தாம் நாள் காரணமே இல்லை. மழை பெய்தது, தேநீர் சூடாக இருந்தது, பக்கத்திலிருந்தவன் பற்றவைத்தான். அவ்வளவுதான்.

மாலையில் வாப்பா கேட்டார். இல்லை என்றேன். வல்லாஹி என்றார்.

இன்னொரு "நாளைக்கு ஒண்டு" என்றால் இன்னும் முப்பது நாள். அந்தப் புண்ணுக்கு முப்பது நாள் என்றால் என்ன என்று எனக்கு அச்சடித்த படங்களோடு தெரியும்.

"வல்லாஹி," என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஊதினேன், ஒவ்வொரு நாளும் சத்தியம் பண்ணினேன். பத்தாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரைக்கும். சிகரெட்டை விடுவதைவிடச் சத்தியம் பண்ணுவது பழகச் சுலபம்.

முப்பதாம் நாள் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை புத்தளம் பஸ் நிலையத்தில், குருநாகல் பஸ்ஸுக்கு முன்னால் வாப்பா நின்றார். வெள்ளைச் சேட்டு, கையில் சின்னப் பை. தொண்ணூறில் வந்ததும் இப்படி ஒரு பையோடுதான் என்று நினைத்தேன். ஏறுங்கள் என்றேன். அவர் என் வலது கையைப் பிடித்தார்.

விடிய நாலு மணிக்கு ஒன்று ஊதியிருந்தேன். பிறகு தேசிக்காய் தேய்த்து, சட்டி கழுவுகிற சவர்க்காரம் போட்டு, தோல் எரியக் கழுவியிருந்தேன். வாப்பா விரல்களுக்கு நடுவே மூக்கை வைத்து நெடுநேரம் நின்றார். நடத்துநர் ஒருமுறை கத்தினார். மறுமுறையும் கத்தினார். இவர் இப்போது திரும்பி வீட்டுக்கு நடந்தால் பேச்சுப்படி நியாயம் அவர் பக்கம். தடுக்க என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

"கெட்ட மீனுக்குத்தான் மஞ்சள் கூடப் பூசுவானுகள்," என்றார், சொல் சொல்லாக. எச்சிலை விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எத்தின நாளா எனக்காக அல்லாஹ்வ இழுத்தாய்?"

கையை இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அவன்ட பேரையும் தூக்கித் தராசில வச்சிட்டாய். இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க," என்றார். கையை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

வெட்டிப் பார்த்ததில் வந்தது, நான் முதல் நாளே விரலால் அறிந்ததுதான். நாக்கின் இடது பாதியை எடுத்தார்கள், கழுத்துக் கட்டிகளையும் சேர்த்து. நாற்பத்தேழு நாளுக்கு முன் வந்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பீர்கள் என்று வைத்தியர் பவுலினாவிடம் கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, நீங்கள் இதைத்தானே படிக்கிறீர்கள் என்றா. பதினொன்றும் ஆறும் முப்பதும் நாற்பத்தேழு. நாற்பது என்ற விலையைக் கூடுதல் என்று சொல்லிக் குறைத்த கெட்டிக்காரன் நான்.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டாம் நாள் வாப்பா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். மூக்கில் குழாய். பேச்சு வர மாதங்கள் ஆகும், வருவதும் பழைய பேச்சாக இருக்காது. உம்மா ஒரு கொப்பியும் பேனையும் வாங்கிக் கொடுத்திருந்தா. தண்ணி, மின்விசிறி, யாகப்புவுக்குச் சொல்லு என்று அதில் எழுதுவார். அன்று என்னைக் கூப்பிட்டு, புதுப் பக்கம் புரட்டி எழுதினார்:

உண்மைக்கு எத்தினை நாள்?

எனக்கு வாய் இருந்தது. இருந்தும், பேச முடியாதவருக்கு முன்னால் யாரும் செய்வதுபோல விரல்களைக் காட்டினேன். ஒன்பது.

வாப்பா தலையசைத்தார். கிட்டங்கியில் யாகப்புவுக்குத் துண்டு எழுதுகிற அதே எழுத்தில், கோடு கிழித்து எழுதினார். கீழே தன் பெயரை வைத்தார். பேனையை என்னிடம் நீட்டினார். நானும் வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூங்கிலடிப் பக்கம் கால் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். சிலநேரம் பார்த்துவிட்டும் போவேன், பிறகு மறுநாள் ஒன்றிலிருந்து எண்ணுவேன். தாளில் உள்ளது இவ்வளவுதான்:

பேசியது முப்பது. தந்தது ஒன்பது. பாக்கி இருபத்தொன்று.

இன்றைக்குப் பதினாலாம் நாள். வாப்பாவுக்குப் பாக்கி ஏழு. பொய்ச் சத்தியங்கள் இருபத்தொன்று வேறு. அவை வாப்பாவின் கணக்கில் இல்லை, அப்படியே நிற்கின்றன.