ரைஹான் தின்ற ஷேக்

கபூல் வெட்டுக்கிளியின் காலைப் பிடித்து நீட்டினாள். ஜன்னல் கம்பியில் இருந்த பச்சோந்தி ஒரு கண்ணை அதன் மேல் உருட்டியது. மறு கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கபூலும் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. இனி யார் வரப்போகிறார்கள்?

அவள் கணவன் மஹ்யூப் கையால் கொடுத்தால்தான் அது தின்னும். போதைக்கு மெல்லும் காத் இலைத் தோட்டத்தில் விரல் நீளத்தில் கிடைத்ததைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து வளர்த்தவன் அவன். தலையில் உயர்ந்து நிற்கும் கொண்டையைப் பார்த்து ஷேக் என்று பேர் வைத்தான். மலைப்பாதையில் லாரி உருண்டு அவன் போனதிலிருந்து ஷேக் எதையும் தொடவில்லை. பச்சையும் மஞ்சளுமாக மின்னிய உடம்பு அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. கண்கள் உள்ளே போய்விட்டன. இதுவும் போய்விட்டால் அவன் தொட்டு வளர்த்த உயிர் என்று இந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

கணவனை இழந்து இத்தா என்ற துக்கக் காலத்தில் இருப்பவள் வெளியே போகவோ வாசனை வைக்கவோ கூடாது. வெட்டுக்கிளி பிடித்து வந்தது மாமியார் முஹ்ஸினாதான். மகன் இருந்தவரை அந்த ஜந்துவைக் கண்டாலே முகம் சுளித்தவள், இப்போது சந்தையில் காத் கட்டுகளை விற்றுவிட்டு, திரும்பும் வழியில் புல்லுக்குள் குனிந்து குனிந்து தேடுகிறாள்.

“தொண்டையில திணிச்சுப் பாரேன்டி.”

“வாயே திறக்கல மாமி.”

“அவனை மாதிரியே பிடிவாதம்” என்று சொல்லிவிட்டு முஹ்ஸினா அடுப்படிக்குப் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாகிறதாக இருந்தாலும் வெயிலில் இருக்கட்டும் என்று கபூல் அதை ஜன்னல் திண்டில் இருந்த ரைஹான் செடிமேல் விட்டாள். நெய் டின்னில் வளர்ந்த செடி. இந்தச் சபிர் மலைப் பெண்கள் காதோரம் செருகிக்கொள்ளும் வாசனைத் தழை. தினமும் காலையில் ஒரு கொத்தைக் கிள்ளி அவளுக்குச் செருகிவிட்டுத்தான் மஹ்யூப் வேலைக்குப் போவான். இப்போது கிள்ள ஆளில்லாமல் செடி புதராக மண்டிக் கிடந்தது.

ஷேக் ஓர் இலையை உற்றுப் பார்த்தது. பிறகு நிதானமாக வாயைத் திறந்து கடித்தது.

“மாமி! ஓடி வாங்க! இலை திங்குது!”

“அது என்ன ஆடா, தழை திங்க? உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று அடுப்படியிலிருந்தே குரல் வந்தது.

கபூல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். காம்பு முறியும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது. தாடை மெல்ல அரைத்தது. இன்னோர் இலை. அதற்கடுத்தது. இந்த இலைக்குள் என்ன இருந்தது? இத்தனை நாளாகத் தன் கைக்கெட்டும் தூரத்தில்தானே நின்றது இந்தச் செடி! கழுத்தோரம் கரிக்குள்ளிருந்து ஒரு பச்சைக் கோடு எழுந்து வந்தது. அல்லாஹ், அல்லாஹ் என்று அவள் வாய் முணுமுணுத்தது.

ஷேக்குக்கு எட்டாத உயரத்தில் இருந்த கொத்தைக் கிள்ளினாள். அதற்குள் ஷேக் அவள் மணிக்கட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. அது விழுந்துவிடாமல் தாங்கக் கொத்து இருந்த கையும் வேண்டியிருந்ததால், பழக்கத்தில் கொத்தைக் காதோரம் செருகிவிட்டாள்.

திரும்பியபோது முஹ்ஸினா மாவுக் கையோடு நின்றிருந்தாள்.

“இத்தாவுல இருக்குறவ ரைஹான் வைக்கலாமாடி?”

கபூலுக்கு உடம்பெல்லாம் கூசியது. “மறந்து செருகிட்டேன் மாமி...” என்றாள். எடுக்கவோ இரண்டு கையும் ஒழியவில்லை.

முஹ்ஸினா தானே பிடுங்கிவிடக் கையை நீட்டினாள். ஷேக் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, முழங்கை தாண்டி, தோளில் ஏறி நின்றது. வாசலைப் பார்த்திருந்த கண் மெதுவாகச் சுழன்று வந்தது. இரண்டு கண்ணும் இப்போது கபூலின் காதோரத்தைப் பார்த்தன.

மாவுக் கை பாதியிலேயே நின்றது.

“அசையாதடி” என்றாள் முஹ்ஸினா.

கன்னத்தருகே இலை முறிந்தது. ரைஹான் வாசனை முகமெல்லாம் பரவ, கபூல் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் நின்றாள்.